எந்த இடத்துக்கு எந்த பெல்ட்? உணவு ஆலை கன்வேயர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பொள்ளாச்சியிலிருந்து ஆத்தூர் வரை, தேங்காய், மரவள்ளி, மஞ்சள், முட்டை, கோழி, அரிசி என்று தொழில் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவற்றில் சிக்கல் ஒரே இடத்தில் தொடங்குகிறது. முழு லைனுக்கும் ஒரே பெல்ட்டை, மீட்டர் விலையைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பெல்ட்டைத் தீர்மானிக்க வேண்டியது அது ஓடும் இடம். அங்கே எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, வேலை முடிந்து கழுவுவது எந்த மருந்தால் என்ற நான்கையும் தெரிந்துகொண்டுதான் விலைக்கு வர வேண்டும்.

பொள்ளாச்சி பக்கம் தேங்காய்ப் பவுடர் ஆலை வைத்திருக்கிறோம். தோல் சீவிய பருப்பு போகும் லைனில் வெள்ளை பி.வி.சி. பெல்ட் போட்டோம். ஒரு வருடம்கூட ஆகவில்லை; விறைத்துப்போய் ஓரமெல்லாம் வெடித்து நூல் தொங்குகிறது. கிட்டப் போனால் சோப்பு வாடை. பில்லில் 'ஃபுட் கிரேடு' என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஏங்க இப்படி ஆகிறது?
– ஆலை உரிமையாளர், பொள்ளாச்சி

பி.வி.சி. இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலப்பதால்தான் அது பெல்ட்டாக வளைகிறது. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. காய்ந்த பவுடரில் 60 சதவீதத்துக்கு மேல். இந்தக் கொழுப்பு நாள் முழுக்க பெல்ட்டில் படியும்போது பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்புக்குள் இறங்கிவிடும். பெல்ட் சுருங்கும், விறைக்கும், டிரம்மில் வளையும் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை போல வெடிப்பு விடும். வெளியேறிய பொருள் எங்கே போனது என்றால், உங்கள் தேங்காயில்தான் போயிருக்கிறது. அதனால் இதைப் பெல்ட் செலவு என்று மட்டும் பார்க்காதீர்கள்.

சோப்பு வாடைக்குக் காரணம் வேறு. தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்தால், அவை சுரக்கும் நொதி கொழுப்பை உடைத்து இந்த அமிலங்களைப் பிரித்துவிடும். அதுதான் அந்த வாடை. கிளம்பும் இடம் அநேகமாக மேல்பரப்பாக இருக்காது. பெல்ட்டின் வெட்டிய ஓரத்தைக் கவனியுங்கள்: உள்ளே இருக்கும் பாலியஸ்டர் துணி வெளியே தெரியும். அந்த நூல் தேங்காய்ப் பாலை உறிஞ்சி பெல்ட்டுக்குள்ளேயே கொண்டுபோகும். மேலே எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அங்கே மருந்து போகாது. அடிப்பக்கம் வெறும் துணியாக இருந்தால் அதுவும் அப்படித்தான்.

இனி இடம் இடமாகப் பார்ப்போம். சீவிய பருப்பு தண்ணீரில் கழுவி வரும் இடத்துக்கு, ஓட்டை உள்ள பாலிபுரொப்பிலீன் மாடுலர் பெல்ட் (பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்துச் செய்தது) நல்லது. தண்ணீர் கீழே வடிந்துவிடும், ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். வெந்நீர்த் தொட்டியிலிருந்து பருப்பு வெளியேறும் இடத்தில் 80, 90 டிகிரி சூடு இருக்கும். பாலிபுரொப்பிலீன் சுமார் 100 டிகிரி வரை தாங்கும் என்பதால் அங்கேயும் அதுவே போதும். இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு மெஷ் (கம்பி வலை). பாலிஎத்திலீன் மாடுலரை அங்கே போடவே கூடாது, 65 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். டிரையருக்குள் எஃகு மெஷ் அல்லது துளைத்தகடு மட்டும்தான். டிரையர் தாண்டி, ஆறிய பவுடர் சல்லடைக்கும் பேக்கிங்குக்கும் போகும் இடத்தில் பி.யு. (பாலியூரித்தேன்) பெல்ட் போடுங்கள். அது எண்ணெய்க்கு அசையாது, அதில் பி.வி.சி.யைப் போலக் கழன்று வரும் பிளாஸ்டிசைசர் இல்லை.

பி.யு. வாங்கும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஓரம் சீல் செய்தது, அடிப்பக்கமும் பூச்சுள்ளது, ஆன்டிஸ்டாட்டிக் வகை. கடைசியானது காய்ந்த மெல்லிய பவுடருக்கு முக்கியம். நிலைமின்சாரம் ஏறினால் பவுடர் பெல்ட்டைவிட்டு விழாமல் ஒட்டிக்கொண்டு திரும்பும் பக்கத்தில் போய்க் கொட்டும். ரோலர் அடியில் தினமும் கூட்டி அள்ளுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

'எண்ணெய் தாங்கும் பி.வி.சி.' என்றும் ஒன்று விற்கிறார்கள். சாதாரண பி.வி.சி.யைவிட மேல், உண்மைதான். எப்போதாவது எண்ணெய் தெறிக்கும் இடத்துக்குச் சரி. தேங்காய்ப் பருப்பு நாள் முழுக்க நேராகப் படும் இடத்துக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

பி.யு. என்று சொல்லி பி.வி.சி.யைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கிறது. வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? என்ன சர்டிபிகேட் கேட்க வேண்டும்?
– முறுக்கு, மிக்சர் தயாரிப்பாளர், கோவை

உண்டு. ஒரு அடி நீளச் செம்புக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிமேல் உள்ள பிளாஸ்டிக் உறையை முழுக்க உரித்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த உறையே பி.வி.சி. ஒரு முனையை இடுக்கியில் பிடித்து மறுமுனையை கேஸ் நீலச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சுங்கள். சுடரில் பச்சை நிறம் அறவே இல்லை என்று ஆன பிறகு, அந்தச் சூட்டோடு பெல்ட்டின் மேல்பூச்சில் தொட்டு, துளி பிளாஸ்டிக் ஒட்டியதும் மறுபடி சுடரில் காட்டுங்கள். பளிச்சென்று பச்சைச் சுடர் எழுந்தால் குளோரின் இருக்கிறது, அது பி.வி.சி. பச்சை வராவிட்டால் பி.வி.சி. இல்லை. புகை நல்லதல்ல, வெளியில், காற்றோட்டமான இடத்தில், பொட்டளவு மட்டும் எடுத்துச் செய்யுங்கள். மேல்பூச்சு, அடிப்பூச்சு இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். மேலே பி.யு., கீழே பி.வி.சி. என்று வரும் பெல்ட்டுகளும் உண்டு.

இன்னொரு சோதனை உங்கள் பொருளை வைத்தே செய்வது. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி, எடை குறித்து, நீங்கள் பயன்படுத்தும் எண்ணெயிலேயே மூழ்க வைத்து ஒரு வாரம் வெதுவெதுப்பான இடத்தில் விடுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை குறைந்து துண்டு விறைத்திருந்தால் பிளாஸ்டிசைசர் போய்விட்டது. எடை கூடி உப்பியிருந்தால் பெல்ட் எண்ணெயைக் குடிக்கிறது. இரண்டுமே உங்களுக்கு ஆகாது. அந்த எண்ணெயை முகர்ந்தும் பாருங்கள்.

காகிதத்துக்கு வருவோம். 'ஃபுட் கிரேடு' என்ற இரண்டு சொல்லுக்குத் தனியாக மதிப்பில்லை. எந்த விதியின்படி, எந்த உணவுக்கு, எத்தனை டிகிரி வரை என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க விதியில் ரப்பர் பொருட்களுக்கான 177.2600 பிரிவு, நீர்த்தன்மை உள்ள உணவுக்கும் கொழுப்புள்ள உணவுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பிய பிளாஸ்டிக் விதி 10/2011-இல் பெல்ட்டிலிருந்து உணவுக்கு இறங்கும் மொத்தப் பொருள் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் இந்த இறக்கத்தைச் சோதிக்கும் முறை ஐ.எஸ். 9845. நீங்கள் எண்ணெய்ப் பண்டம் செய்கிறீர்கள். தண்ணீரில் மட்டும் சோதித்த சான்று உங்களுக்கு உதவாது, கொழுப்புக்குச் சோதித்ததா என்று பாருங்கள். சான்றில் உள்ள பெல்ட் எண்ணும், உங்களுக்கு வந்த ரோலின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றா என்பதையும் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம விதிகளில் நான்காம் அட்டவணை, உணவு படும் பரப்பு நச்சற்றதாக, அரிக்காததாக, எளிதில் கழுவக்கூடியதாக இருக்கச் சொல்கிறது. ஆய்வுக்கு வருகிறவரிடம் காட்ட இந்தக் காகிதம் உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.

பாலிபுரொப்பிலீன் மாடுலர் பெல்ட்டில் காய்கறி வேகவைத்துக் கொண்டுபோகிறோம். காலையில் சரியாக ஓடுகிறது. ஆவி விட்டு ஒரு மணி நேரத்தில் தொங்கிப்போய் பல் தாண்டுகிறது. ஃபிட்டர் இரண்டு வரிசை எடுத்துவிட்டார். இப்போது காலையில் இறுக்கமாகப் பிடித்து ஒரு பக்கம் உடைகிறது.
– உணவு பதப்படுத்தும் ஆலை மேற்பார்வையாளர், பெருந்துறை

எடுத்த இரண்டு வரிசையையும் முதலில் திருப்பிப் போடுங்கள். பெல்ட்டின் மேல் குற்றமில்லை, அது சூட்டில் நீள்கிறது. அந்த நீளத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

பாலிபுரொப்பிலீன் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்குச் சுமார் 0.12 முதல் 0.15 மி.மீ. வரை நீளும், சூடு ஏற ஏற மேல் அளவு. பெல்ட்டின் மொத்தச் சுற்று 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 28 டிகிரி, ஓட்டத்தில் 88 டிகிரி என்றால் வித்தியாசம் 60. பன்னிரண்டை அறுபதாலும் 0.15-ஆலும் பெருக்கினால் 108 மி.மீ. கிட்டத்தட்ட நான்கேகால் அங்குலம். இவ்வளவு நீளம் எங்காவது போயாக வேண்டும். ஓட்டும் ஸ்பிராக்கெட்டுக்கு (பற்சக்கரத்துக்கு) அடியில், திரும்பும் பக்கத்தில், முதல் இரண்டு தாங்கு ரோலர்களுக்கு நடுவே பெல்ட் தொங்க இடம் விடுங்கள். மாடுலர் பெல்ட்டை இறுக்கி ஓட்டுவதில்லை. அந்தத் தொங்கலின் எடைதான் பல்லைப் பிடித்து வைக்கிறது. குளிர்ந்த நிலையில் 25 மி.மீ. தொங்கலாவது இருக்க வேண்டும், சூட்டில் 100 மி.மீ. வரை தொங்கினாலும் கீழே எதிலும் உரசக் கூடாது. தொங்கல் அதற்கு மேல் போனால் அதை இரண்டு இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

'ஒரு பக்கம் உடைகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஷாஃப்ட்டில் உள்ள ஸ்பிராக்கெட்டுகளைப் பாருங்கள். எல்லாவற்றையும் காலர் போட்டு இறுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறோம். நடு ஸ்பிராக்கெட் ஒன்றை மட்டும்தான் இறுக்க வேண்டும். மற்றவை ஷாஃப்ட்டில் தாராளமாக நகர வேண்டும். பெல்ட் அகலத்திலும் விரிகிறதே: 600 மி.மீ. அகல பெல்ட் அதே 60 டிகிரிக்கு 5 மி.மீ.க்கு மேல் விரியும். எல்லாம் பூட்டியிருந்தால் விரியும் பெல்ட் ஓரத்து ஸ்பிராக்கெட்டில் ஏறி இணைப்பை உடைக்கும். பக்கச் சட்டத்திலும் இதே அளவு இடைவெளி இருக்க வேண்டும்.

பெல்ட் ஊரும் வெள்ளைப் பட்டையையும் மறக்க வேண்டாம். அது பாலிஎத்திலீன், பெல்ட்டைவிட அதிகமாக நீளும், மீட்டருக்கு டிகிரிக்கு 0.2 மி.மீ. அளவில். 3 மீட்டர் பட்டை 60 டிகிரிக்கு 36 மி.மீ. நீளும். இரண்டு முனையிலும் போல்ட் போட்டால் நடுவில் வில்லாக வளைந்து பெல்ட்டைத் தூக்கும். பெல்ட் நுழையும் முனையில் மட்டும் போல்ட் போட்டு, மறுமுனையை விட்டுவிடுங்கள். இரண்டு பட்டை சேரும் இடத்தைச் சாய்வாக வெட்டி இடைவெளி விடுங்கள்.

இதே பெல்ட்டை ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. பாலிபுரொப்பிலீன் குளிரில் கண்ணாடிபோல நொறுங்கும். உறைநிலைக்கு அசிட்டல் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது பாலிஎத்திலீன். இரண்டும் சுழியத்துக்குக் கீழ் 40 டிகிரிவரை ஓடும்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலை. கிழங்கு கொண்டுபோகும் பெல்ட் மணலில் தேய்கிறது. தோல் உரித்த கிழங்கில் கறுப்புக் கோடு விழுகிறது. பெல்ட்டும் எப்போதும் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது.
– வாசகர், ஆத்தூர்

கழுவுவதற்கு முன் மண்ணோடு வரும் மரவள்ளிக்குக் கறுப்பு ரப்பர் பெல்ட்டே போதும், மணலுக்கு அதுதான் நிற்கும். உரிக்கும் டிரம்மைத் தாண்டியதும் கறுப்பு ரப்பர் வேண்டாம். நிறத்துக்குச் சேர்க்கும் கார்பன்தான் கோடாக விழுகிறது. ஜவ்வரிசிக்கு வெண்மைதான் விலை. அங்கே வெள்ளை அல்லது நீலப் பி.வி.சி. போடலாம். மரவள்ளியில் கொழுப்பு மிகக் குறைவு. பொள்ளாச்சிக்காரர் பட்ட பாடு உங்களுக்கு வராது. தேவையில்லாமல் பி.யு.வுக்குப் பணம் போட வேண்டாம்.

ஒதுங்குவதற்குக் காரணம் பின் டிரம்மில் ஒட்டிக் காய்ந்த மாவு. ஒரு பக்கம் மாவு கட்டியாக ஏறினால் அந்தப் பக்கம் டிரம்மின் விட்டம் கூடிவிடும். பெல்ட் விட்டம் கூடிய பக்கம் ஏறும். ஃபிட்டர் பெல்ட்டை இறுக்கும் டேக்-அப் போல்ட்டைத் திருகி நேராக்குவார், மாவு உதிர்ந்ததும் மறுபக்கம் ஓடும். போல்ட்டைத் தொடும் முன் டிரம்மைச் சுரண்டிப் பாருங்கள். நிரந்தர வழி, பின் டிரம்மைக் கம்பிக் கூண்டு வடிவில் மாற்றுவது. மாவும் மணலும் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும். திரும்பும் பக்கத்தில், டிரம்முக்கு முன்னால், பெல்ட்டின் உட்பக்கத்தில் ஒரு சுரண்டியும் வையுங்கள்.

இறுக்கம் எவ்வளவு என்று தெரியாமல் போல்ட்டை முறுக்கிக்கொண்டே போவதும் நடக்கிறது. பெல்ட் தளர்ந்திருக்கும்போது சரியாக 2000 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். அந்த இடைவெளி 2006 மி.மீ. ஆகும்வரை இறுக்குங்கள். பாலியஸ்டர் துணி உள்ள பெல்ட்டுக்கு அந்த 0.3 சதவீதத்தில் தொடங்கினால் போதும். பாரம் ஏற்றி ஓட்டும்போது வழுக்கினால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

மஞ்சள் பட்டு பெல்ட் முழுக்கக் கறை. எவ்வளவு கழுவினாலும் போகவில்லை. ஏற்றுமதிக்கு எடுக்கிறவர்கள் ஆய்வுக்கு வந்தபோது 'கழுவவில்லை' என்று எழுதிவிட்டார்கள்.
– மஞ்சள் தூள் தயாரிக்கும் வாசகி, ஈரோடு

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெள்ளைப் பி.வி.சி., சிலிக்கான், பாலிபுரொப்பிலீன் எல்லாவற்றிலும் ஊறிவிடும். கறையால் கெடுதல் இல்லை; ஆனால் கறை எது, மீந்த தூள் எது என்று கண்ணுக்குப் பிரித்துத் தெரியாமல் போவது கெடுதல். ஆய்வாளர் சொன்னது அந்த வகையில் நியாயம்தான். அடர் நீலப் பெல்ட்டுக்கு மாறுங்கள். இயற்கையில் நீல நிற உணவு அரிது என்பதால்தான் உலகம் முழுக்க உணவு ஆலைகள் நீலத்துக்குப் போகின்றன. பெல்ட் துணுக்கு ஒன்று பிய்ந்து தூளில் விழுந்தாலும் உடனே தெரியும். விரலியில் உள்ள ஆவியாகும் எண்ணெய் சாதாரண ரப்பரையும் பி.வி.சி.யையும் மெதுவாகக் கெடுக்கும். ஆகவே அரைத்த தூள் படும் இடத்துக்கு நீல பி.யு., பாலிஷ் போடுவதற்கு முந்தைய சொரசொரப்பான விரலி விழும் இடத்துக்கு தடித்த ரப்பர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கழுவியது போதுமா என்று பார்க்க உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, வேறு தொழில்காரர்களுக்கு இல்லாதது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பது போல, காரச் சோப்புக் கரைசல் பட்டால் மீந்த மஞ்சள் செம்பழுப்பாக மாறும். கழுவி முடித்த பெல்ட்டில், இணைப்பிலும் ஓரத்திலும் சோடாக் கரைசலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சிவந்தால் தூள் இன்னும் இருக்கிறது. பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

கோழி வெட்டும் லைனில் போட்ட பி.யு. பெல்ட் பிசுபிசுவென்று ஆகி, பூச்சு உரிகிறது. தினமும் கொதிக்கும் தண்ணீர், பிளீச்சிங், பிரஷர் வாஷர் எல்லாம் போட்டுச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம்.
– வாசகர், பல்லடம்

அந்தச் சுத்தம்தான் பெல்ட்டைத் தின்கிறது. பி.யு.வில் பாலியஸ்டர் வகை, பாலிஈதர் வகை என்று இரண்டு உண்டு. பாலியஸ்டர் வகை எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் நல்லது. ஆனால் வெந்நீர் தொடர்ந்து பட்டால் தண்ணீரே அதன் மூலக்கூறை அறுத்துவிடும். முதலில் பிசுபிசுப்பு, பிறகு வெடிப்பு, பிறகு பூச்சு உரிதல். தினமும் வெந்நீர் படும் இடத்துக்கு பாலிஈதர் வகை என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். கோழிக்கு அதிலும் மேலானது துணியே இல்லாத முழு பி.யு. பெல்ட், அடியில் பல் வார்த்தது. ஊறுவதற்கு நூல் கிடையாது, இறுக்கம் தேவையில்லை, கையால் தூக்கி அடியிலும் கழுவலாம். மாடுலர் பெல்ட்டின் கீல் இடுக்கில் இறைச்சி நார் சிக்கும். வெட்டும் இடத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

கழுவும் வரிசை இப்படி இருக்கட்டும். பெரிய துண்டுகளைக் கையால் எடுத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் கொழுப்பை வழித்துவிடுங்கள். 40 முதல் 50 டிகிரித் தண்ணீரில் அலசுங்கள். கொதிநீர் ஊற்றினால் இரத்தத்தின் புரதம் வெந்து பெல்ட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆறிய தண்ணீரில் கோழிக் கொழுப்பு இளகாது. காரச் சோப்பு நுரையைக் கீழிருந்து மேலாக அடித்து 10 முதல் 15 நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். பிரஷ்ஷால் தேய்த்து மேலிருந்து கீழாக அலசுங்கள். அதன் பிறகுதான் குளோரின். அழுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் அழுக்கே அதைத் தின்றுவிடும்.

குளோரின் அளவு 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) போதும். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி. 100 லிட்டருக்கு 400 மில்லி. 10 சதவீதத் திரவம் வாங்கினால் அதில் பாதி. வேலையாட்கள் மக்கில் குத்துமதிப்பாக ஊற்றுவதுதான் பெல்ட்டுக்கும் பேரிங்குக்கும் எமன். ஊற்றும் அளவுக்குக் கோடு போட்ட ஒரு கப் வாங்கிக் கொடுங்கள். அமிலத்தில் கழுவும் நாளில் குளோரினை அருகில் கொண்டுவரக் கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு. உங்கள் லைனில் அசிட்டல் ஸ்பிராக்கெட் இருந்தால் இன்னும் கவனம் தேவை, குளோரின் அதை வெண்மையாகப் பொரித்து நொறுக்கும்.

பிரஷர் வாஷரை நேராகக் குத்தி அடிக்கும்போது அழுக்கு இணைப்புக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் ஏறும். தரையிலிருந்து தெறிக்கும் துளியோடு லிஸ்டீரியா போன்ற கிருமி கழுவிய பெல்ட்டுக்கே திரும்ப வரும். விசிறியாக விரியும் நாசிலில், அழுத்தம் குறைத்து அடியுங்கள். கடைசியில் பெல்ட்டை வெறுமனே ஓட்டிக் காயவிடுங்கள்.

நேந்திரன் சிப்ஸ் எண்ணெயிலிருந்து வந்ததும் விழ எந்த பெல்ட்? டெஃப்லான் சொல்கிறார்கள்.
– வாசகர், மேட்டுப்பாளையம்

எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக விழும் இடத்துக்கு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு மெஷ். எண்ணெய் வடிய வேண்டுமே. டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைப் பெல்ட் 260 டிகிரிவரை தாங்கும், எதுவும் ஒட்டாது. ஆனால் எண்ணெய் வடியாது, ஒரு முறை மடிந்தால் அந்த மடிப்பிலேயே கிழியும். அது அப்பளம், கடலை மிட்டாய் போன்ற ஒட்டும் சரக்குக்கு. மெஷ்ஷில் சிப்ஸ் ஆறி 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு மசாலா தூவும் இடத்துக்கு பி.யு. போடலாம். உப்பு அதிகம் படும் இடத்தில் 316 எஃகு. அதிலுள்ள மாலிப்டினம் உப்பின் குழி அரிப்பைத் தடுக்கும். மெஷ் கம்பி அறுந்து சிப்ஸில் விழ வாய்ப்பு உண்டு என்பதால் பேக்கிங்குக்கு முன் மெட்டல் டிடெக்டர் அவசியம். இரும்பைவிட 304, 316 எஃகைக் கண்டுபிடிப்பது கருவிக்குக் கடினம். கருவியைச் சோதிக்கும் துண்டு அந்த எஃகிலேயே இருக்கட்டும்.

சேகரிக்கும் பெல்ட்டில் வரும் முட்டைகளில் மயிரிழை விரிசல் கூடுகிறது.
– பண்ணையாளர், நாமக்கல்

பாலிபுரொப்பிலீன் நெசவுப் பெல்ட் சரியான தேர்வுதான். சணலைப்போல ஈரம் குடிக்காது. இணைப்பைப் பாருங்கள். முடிச்சுப் போட்டோ ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தடிப்பாகத் தைத்தோ இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடு முட்டையைத் தட்டும். முனையோடு முனை வைத்து மட்டமாகத் தைக்கச் சொல்லுங்கள். பெல்ட்டில் முட்டைகள் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்குக் குவியும் வரை காத்திருக்காமல், சேகரிப்பை இரண்டு வேளையாக்குங்கள். உடைந்த மஞ்சள்கரு நெசவில் காய்ந்தால் அது உப்புத்தாள்போல முட்டை ஓட்டைச் சுரண்டும். அன்றன்றே ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும்.

ரஸ்க், பன் ஆறும் கன்வேயரில் ஜாயிண்ட் விட்டால் ஆள் வர இரண்டு நாள் ஆகிறது. இரும்பு கிளிப் போட்டு ஓட்டலாமா?
– பேக்கரி உரிமையாளர், திருப்பூர்

திறந்த உணவு படும் பெல்ட்டில் வேண்டாம். கிளிப்பின் ஊசி துணியைக் குத்திய இடத்தில் நூல் வெளியே வரும், மாவுத்துகள் அடையும், ஒரு ஊசி கழன்றால் பன்னில் போகும். உங்களுக்கு வேண்டியது பல் பல்லாக வெட்டிக் கோத்து, சூட்டில் அழுத்தி ஒட்டும் விரல் இணைப்பு. அதற்கு ஆள் வரவே தாமதமாகிறது என்றால், அளவு கொடுத்து ஒட்டி முடித்த வளையமாகவே ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். மடிக்காமல் சுருட்டி, வெயில் படாமல். அதை மாட்ட, கன்வேயரின் ஒரு பக்கக் காலும் சட்டமும் கழன்று வரும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த முறை நிறுத்தும்போதே வெல்டரை வைத்து அதை மாற்றிவிடுங்கள். அட்டைப்பெட்டி போகும் கன்வேயருக்குக் கிளிப் தாராளமாகப் போடலாம்.

அரிசி ஆலையில் தவிடு எலிவேட்டர் பெல்ட் மட்டும் உப்பி நீளுகிறது. நெல் எலிவேட்டரில் அதே பெல்ட் நன்றாக ஓடுகிறது.
– வாசகர், காங்கேயம்

தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. இயற்கை ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்து உப்பும். வாளி போல்ட் துளைகள் நீள்வட்டமாகி வாளி ஆட ஆரம்பிக்கும். சூட்டுக்கு நல்லது என்று சொல்லி இ.பி.டி.எம். ரப்பரைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், எண்ணெய்க்கு அதுவும் ஆகாது. தவிட்டுக்கு நைட்ரைல் ரப்பர் பூசிய பெல்ட், ஆன்டிஸ்டாட்டிக் வகை. தவிட்டுத் தூசி காற்றில் கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும், வெடிக்கும். பெல்ட் ஆன்டிஸ்டாட்டிக்காக இருந்தால் மட்டும் போதாது. எலிவேட்டர் கால், தலை, மோட்டார் மூன்றுக்கும் எர்த் இணைத்து, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் கம்பி படுகிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நெல் எலிவேட்டரில் இருக்கும் பெல்ட்டை மாற்ற வேண்டியதில்லை; உமியின் சிலிக்கா அதைத் தேய்க்குமே தவிர உப்ப வைக்காது.